மீட்டர் வரைக்கும் யார் பொறுப்பு?

நீங்கள் ஜவ்வாது மலை அடிவாரத்தில், சந்தவாசலில் குடியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி அடிச்ச காத்து மழையில், கம்பத்திலிருந்து உங்க வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயர் அறுந்து விழுந்துடுச்சு. சரிசெய்யும் செலவு யாருடையது?

அமெரிக்காவின் பல நகரங்களில், தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் குடிநீர், கழிவுநீர்க் குழாய்கள் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. உடைந்தால் தோண்டும் செலவும் அவருடையதே. அதனால் மாதச் சந்தா வாங்கிக்கொண்டு பழுதுபார்த்துத் தரும் தனியார் வாரண்டி திட்டங்களை நகராட்சிகளே அறிமுகப்படுத்துகின்றன.

நம்ம ஊர் மின் இணைப்புக்கு அந்த வாரண்டி தேவையில்லை. காரணம், விதியிலேயே இருக்கு.

மின்சாரம்

இணைப்பு வாங்கும்போது நீங்கள் பணம் கட்டியிருந்தாலும், கம்பத்திலிருந்து மீட்டர் வரை வரும் சர்வீஸ் லைன் மின்வாரியத்துக்கே சொந்தம். பராமரிப்பதும் அவர்கள் பொறுப்பு. மீட்டருக்குப் பிறகு வரும் ஒயரிங், சுவிட்ச், கசிவு மின்சாரத்தைத் தடுக்கும் ஆர்.சி.டி. கருவி எல்லாம் உங்கள் பொறுப்பு. உங்கள் தவறால் மீட்டர் எரிந்தால் அதன் விலையையும் நீங்கள்தான் கட்டணும்.

குடிநீர்

2019 ஆகஸ்ட் 15-ல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தின்படி, ஊருக்குள் இருக்கும் தொட்டி, குழாய்களைப் பராமரிப்பது கிராம ஊராட்சி. வீட்டுக்குள் நீங்கள் நீட்டிப்போட்ட குழாய் உங்களுடையது.

பழுதானால் என்ன செய்யலாம்?

• அறுந்த ஒயரைத் தொடாதீங்க. குழந்தைகளையும் ஆடு மாடுகளையும் பக்கத்தில் விடாதீங்க.
• மின்னகம் எண் 94987 94987-க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் பேசலாம். மின் இணைப்பு எண்ணைக் கையில் வைத்திருங்கள். மின் கட்டண ரசீதில் இருக்கும்.
• குடிநீர்க் குழாய் உடைந்தால் ஊராட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.
• நடவடிக்கை இல்லையென்றால் முதல்வரின் முகவரி உதவி எண் 1100.

புகார் எண்ணை மறக்காமல் குறித்து வையுங்கள். குறிப்பிட்ட நேரத்துக்குள் மின்சாரம் வரவில்லை என்றால் இழப்பீடு கேட்க, மின்சார (நுகர்வோர் உரிமைகள்) விதிகள், 2020 வழி செய்கிறது. அப்போது அந்த எண்தான் உங்கள் ஆதாரம்.

இன்னிக்கே உங்க மீட்டர் பெட்டியைப் போட்டோ எடுத்து, மின் இணைப்பு எண்ணோட போன்ல சேமிச்சு வைங்க. இருட்டுல தேட வேண்டியிருக்காது!