கொட்டிய மண்ணும் கட்டிய வீடும்

வீடு கட்ட முற்படுவோர் சுவரைப் பற்றியும் கூரையைப் பற்றியும் நெடுநேரம் ஆலோசிப்பர். அவ்விரண்டையும் தாங்கப்போகும் மண்ணைப் பற்றி ஆலோசிப்போர் சிலரே. பழகிய நிலத்தில் இவ்வலட்சியம் பெருந்தீங்கு விளைக்காமற் போகலாம். ஆனால் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்கள் அடங்கிய வன்னிப் பெருநிலத்தின் நிலை வேறு.

2009 ஆம் ஆண்டில் முடிவுற்ற போரின்போது அங்கே நெடுந்தூரம் மண் அணைகள் எழுந்தன. அவற்றை ஒட்டி அகழிகள் வெட்டப்பட்டன. குடியிருப்பு வளவுகளிலே பதுங்குகுழிகள் தோண்டப்பட்டன. மீண்டு வந்த மக்கள் அக்குழிகளைக் கைக்கெட்டிய மண்ணாலும், இடிந்த சுவரின் கல்லாலும், குப்பையாலும் மூடினர். இன்று அவற்றின்மேல் புல் மூடிக் கிடக்கிறது. குழி இருந்த இடம் இதுவெனக் கண்ணாற் காண்பது அரிது.

இவ்வாறு கொட்டப்பட்ட மண்ணைப் பொறியியலார் கட்டுப்பாடின்றி நிரப்பிய மண் என்பர். நிரப்பிய மண் யாவும் தீயதன்று. இரணைமடுக் குளத்தின் கட்டும் மனிதர் நிரப்பிய மண்ணே. 2018 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பெருவெள்ளம் வந்து வான்கதவுகள் திறக்கப்பட்டபோதும் அக்கட்டு உறுதியாகவே நின்றது. தெரிந்தெடுத்த மண்ணை அடுக்கடுக்காக இட்டு இறுக்கினால் அது மலைபோல் நிற்கும்; இன்ன மண், இவ்வளவு இறுக்கம் என்று எவரும் அறியாத நிலையிலேதான் அபாயம் தோன்றுகிறது.

தளர்ந்த மண்ணின் துகள்களுக்கிடையே வெற்றிடங்கள் மிகுதி. கோடையில் மண் காய்ந்திருக்கும்வரை துகள்கள் ஒன்றையொன்று பற்றி நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மாரி மழை ஊறியதும் அப்பிடி நெகிழ்ந்து மண் திடீரெனக் கீழே அமர்கிறது. ஆகவே, கோடையில் கட்டிய வீடு முதல் மாரியிலே வெடிப்பது வியப்பன்று. பதுங்குகுழிக்குக் கூரையாக இட்ட பனங்குற்றிகள் உள்ளேயே விடப்பட்டிருப்பின் தீங்கு இன்னும் பெரிது. அவை உக்கியும் கறையான் அரித்தும் போக, பல ஆண்டுகளின் பின்னரும் நிலத்தடியில் வெற்றிடம் உண்டாகும். நாட்பட்ட மண் தானே இறுகிவிடும் என்னும் நம்பிக்கை இங்கே பொய்த்துவிடுகிறது.

வீடு முழுவதும் ஒரே அளவாக அமர்ந்தால் பெருங்கேடு இல்லை. மூன்று மூலைகள் இயற்கையான கிரவல் நிலத்திலும் ஒரு மூலை மூடிய குழியின்மேலும் நிற்குமாயின், அந்த ஒரு மூலை மட்டும் தாழும். அப்போது யன்னல் மூலைகளிலிருந்து சுவர் சாய்வாகப் பிளக்கும். அந்தப் பிளவைச் சாந்து பூசி மறைப்பதால் பயனில்லை. அடுத்த மாரியில் அது மீண்டும் வாய் திறக்கும்.

ஆகவே, அத்திவாரம் வெட்டுமுன் நிலத்தை விசாரித்தறிதல் வேண்டும். முதலில் அயலிலுள்ள முதியோரைக் கேட்க வேண்டும். குழி எங்கிருந்தது, கிணறு எங்கு தூர்க்கப்பட்டது என்பதை அவர்கள் அறிவர். மழைக்குப்பின் எவ்விடம் தாழ்ந்து நீர் தேங்குகிறது என்பதையும் நோக்க வேண்டும். பின்னர் வீட்டின் மூலைகளிலும் ஐயமான இடங்களிலும் சோதனைக் குழி வெட்டி, கலப்பற்ற இயற்கை மண் தோன்றும்வரை பார்க்க வேண்டும். செங்கல் துண்டு, கரி, துணி, பொலித்தீன் ஆகியன கிடைப்பின் அது நிரப்பிய மண்ணே. அத்திவாரத்தின் பாரம் அதன் அகலத்தைப்போல் குறைந்தது இரு மடங்கு ஆழம்வரை தாக்குமாதலால், மேல்மண்ணை மட்டும் கண்டு அமைதி கொள்ளலாகாது.

வன்னியிலே இதற்கு இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மிதிவெடி அகற்றப்பட்டதென அறிவிக்கப்படாத நிலத்தில் மண்வெட்டியோ அலவாங்கோ படக்கூடாது. அறிவிக்கப்பட்ட நிலத்திலும் ஐயத்துக்குரிய உலோகப் பொருள் தென்பட்டால், அதைத் தொடாது விலகிப் பொலீசாருக்கு அறிவிக்க வேண்டும். மேலும், தளர்ந்த மண்ணில் வெட்டிய ஆழமான குழி சரியக்கூடியது. முட்டுக் கொடுக்காமல் எவரும் அதனுள் இறங்கலாகாது.

பழுதான இடம் கண்டால் செய்யத்தக்கது யாது? வளவு பெரிதாயின் வீட்டைச் சில அடி தள்ளி அமைப்பதே மிக மலிவான பரிகாரம். அதற்கு இடமில்லையெனில், நிரப்பிய மண்ணைக் கடந்து இயற்கை நிலத்திலிருந்தே அத்திவாரத்தை எழுப்பலாம். அல்லது அம்மண்ணை முற்றாக அகற்றி நல்ல கிரவலை 6 அங்குல அடுக்குகளாக இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் திமிசுக்கட்டையாலோ இயந்திரத்தாலோ இறுக்கலாம். இறுக்குவதற்கு ஈரம் அளவாயிருத்தல் அவசியம். லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் நீர் வழங்கலுக்காக அணைகள் கட்டிய புரொக்டர் என்னும் பொறியியலாளர் 1933 ஆம் ஆண்டில் வெளியிட்ட உண்மை இதுவே: ஒவ்வொரு மண்ணுக்கும் அது மிக நன்றாக இறுகும் ஈர அளவு ஒன்று உண்டு. ஒரு பிடி மண்ணைக் கையில் அழுத்தினால் உதிராமலும், கையில் பிசுபிசுக்காமலும் உருண்டையாக நிற்பது அவ்வளவுக்கு ஓரளவான அடையாளம். சுவர்களின் கீழ் கம்பியிட்ட கொங்கிறீற்று வளையம் அமைத்தால் சிறு தாழ்வுகளை அது தாங்கும். எனினும், கீழேயுள்ள பெருங்குழியை அது ஈடு செய்யாது. மாடிக் கட்டடமாயின், அல்லது தாழ்ந்த வயலை நிரப்பிய நிலமாயின், மண் பரிசோதனையும் பொறியியலாளரின் ஆலோசனையும் இன்றியமையாதன. வயலிலே நிரப்பிய மண் மட்டுமன்றி அதன் கீழுள்ள களியும் பாரத்தால் அமுங்கும்.

2012 ஆம் ஆண்டில் விரிவாகத் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தில் புதிய வீடொன்றுக்கு 550,000 ரூபாய் வழங்கப்பட்டது. பல குடும்பங்கள் அதனோடு தம் கைப்பணத்தையும் உடலுழைப்பையும் சேர்த்தே வீட்டை முடித்தன. அத்தகைய வீடு பிளந்தால் மீண்டும் ஒன்று கட்டும் வசதி அவர்களுள் மிகச் சிலருக்கே உண்டு. சோதனைக் குழி வெட்டுவதற்கோ ஓரிரு நாட் கூலி போதும். கொத்துவேலைக்காரரை அழைக்குமுன் அக்கூலியைச் செலவிடுவதே வீட்டுக்காரரின் முதல் வேலை.