பழைய சொகுசுப் பேருந்தும் நெல்லைச் சிறு உரிமையாளரும்

தென் தமிழகத்திலிருந்து இரவோடு இரவாகச் சென்னைக்கு ஓடும் ஆம்னி பேருந்துகளில் பல, முதல் ஐந்தாறு ஆண்டுகளைப் பெரிய நிறுவனங்களிடம் கழித்துவிட்டு, அதன்பின் இரண்டாம் கைக்கு வருகின்றன. அந்த இரண்டாம் கை பெரும்பாலும், ஒன்றிரண்டு வண்டிகளை வைத்துக்கொண்டு முகூர்த்த நாளில் கல்யாண வீட்டாரையும், கார்த்திகையில் மாலை போட்டவர்களையும், சாரல் காலத்தில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறவர்களையும் ஏற்றிப் பிழைக்கும் சிறு உரிமையாளரின் கையாக இருக்கிறது. தாமிரபரணிக் கரையில் இத்தகையோருக்குக் கோயில்களும் சோறு போடுகின்றன. பாபநாசம் முதல் சேர்ந்தபூமங்கலம் வரை நவகைலாயத் தலங்களும், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வட்டாரத்தில் நவதிருப்பதிகளும் அமைந்திருக்க, மார்கழியிலும் புரட்டாசியிலும் அரசுப் போக்குவரத்துக் கழகமே இவற்றுக்குத் தனிப் பேருந்து விடுமளவுக்குக் கூட்டம் வருகிறது.

பேருந்துத் தொழில் இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று, டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார் திருக்குறுங்குடிக்காரர். 1970களில் தனியார் தடங்கள் பல நாட்டுடைமையாகி, 1974இல் திருநெல்வேலியைத் தலைமையிடமாகக் கொண்டு கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் உருவானபின், நெடுந்தூரப் பயணத்தில் தனியாருக்கு எஞ்சிய வழி ஒப்பந்த ஊர்தி என்னும் வகையே. நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆளேற்றித் தனித்தனிக் கட்டணம் வாங்குவதை வழித்தட ஊர்தி என்றும், ஒரு குழு மொத்தமாக வாடகைக்கு எடுப்பதை ஒப்பந்த ஊர்தி என்றும் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பிரிக்கிறது. ஆம்னி பேருந்து காகிதத்தில் இரண்டாவது வகையாகவும் ஓட்டத்தில் முதல் வகையாகவும் இருந்துவருவது ஊரறிந்த இரகசியம். கோயில் சுற்றுலாவுக்கு வண்டி வாங்குகிறவருக்கு இந்த இரட்டை வாழ்க்கை தேவையில்லை என்றாலும், அது ஆர்.சி. என்னும் பதிவுப் புத்தகத்தில் விட்டுச்சென்ற சிக்கல்கள் அவர் தலையில்தான் விடியும்.

அவற்றுள் பெரியது வெளிமாநிலப் பதிவு. படுக்கை வண்டிகளைப் பதிவு செய்யத் தமிழகத்தில் ஒரு காலத்தில் இடமில்லாததாலும், வரி குறைவு என்பதாலும், பல பேருந்துகள் நாகாலாந்து, புதுச்சேரி போன்ற இடங்களின் எண்களோடு இங்கே ஓடின. 2024 ஜூனில் போக்குவரத்துத் துறை இத்தகைய ஆம்னி பேருந்துகள் தமிழகத்துக்குள் ஓடத் தடை விதித்தது. எனவே மலிவாகக் கிடைக்கும் வெளிமாநில வண்டியை வாங்குகிறவர், அம்மாநிலத்தின் தடையில்லாச் சான்றைப் பெற்று, நிலுவை வரி எல்லாவற்றையும் தீர்த்து, இங்கே மறுபதிவு செய்து முடிக்கும்வரை அதைக் கொட்டகையில் நிறுத்தி வைக்க நேரலாம். உள்ளூர் வண்டியானாலும் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் ஆர்.சி.யிலிருந்து நீக்கப்பட்டதா, அபராதச் சலான்கள் பாக்கியுள்ளனவா என்பதைப் பரிவாஹன் இணையதளத்தில் பார்த்துவிட வேண்டும். பெர்மிட் வண்டியோடு ஒட்டிக்கொண்டு வருவதன்று. போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி இல்லாமல் அது கைமாறாது. தகுதிச் சான்று, அதாவது எஃப்.சி., வண்டிக்கு 8 வயதாகும்வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எடுக்கப்பட வேண்டும். ஏழரை வயது வண்டியை விற்க முந்துகிறவரின் அவசரத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

காகிதம் சரியாக இருந்தால் அடுத்து ஓட்டக் கணக்கு. திருநெல்வேலியிலிருந்து சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல். ஓர் இரவுக்கு ஒரு நடை வீதம் ஆண்டில் 300 நாள் ஓடினாலே 1,80,000 கிலோமீட்டர் ஆகிறது, ஐந்தாண்டில் 9 லட்சம். இத்தகைய வண்டியின் மீட்டர் 4 லட்சம் காட்டினால், மீட்டரை நம்புவதைவிடப் பெருக்கல் வாய்ப்பாட்டை நம்புவது நல்லது. 9 லட்சம் ஓடியது குற்றமில்லை. நெடுஞ்சாலையில் சீராக ஓடிய எஞ்சின், ஊருக்குள் நின்று நின்று ஓடியதைவிட நன்றாகவே இருக்கும் என்றாலும் சோதித்துப் பார்க்க வேண்டும். சூடேறிய எஞ்சினில் ஆயில் மூடியைத் திறந்தால் புகை அடித்துக்கொண்டு வருவதை மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். பிஸ்டன் வளையங்களும் சிலிண்டரும் தேய்ந்து, எரிந்த வாயு கீழே கசிவதன் அடையாளம் அது. சொகுசுப் பேருந்தின் குலுங்காத ஓட்டத்துக்குக் காரணம், இரும்புப் பட்டைகளுக்குப் பதிலாக அச்சின்மேல் வைக்கப்படும் காற்றடைத்த ரப்பர் பலூன்கள். மாலையில் எஞ்சினை அணைத்து, சமதளத்தில் நிறுத்தி, தரைக்கும் பாடிக்கும் உள்ள உயரத்தை நான்கு மூலையிலும் அளந்து வைத்து, காலையில் மறுபடி அளந்தால், எந்தப் பலூன் அல்லது எந்தக் காற்றுக் குழாய் கசிகிறது என்பது தெரிந்துவிடும். டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிப்பதால், 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர். பூப்பட்டை எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அது கிழம்தான். ஏ.சி.யைப் பங்குனி வெயிலில், உச்சி வேளையில், வண்டி நின்ற நிலையில் ஒரு மணி நேரம் ஓடவிட்டுச் சோதிக்க வேண்டும். மாலையில் எந்த ஏ.சி.யும் குளிரும். திருச்செந்தூர், கன்னியாகுமரிக் கடற்காற்றில் நின்ற வண்டியில் புதிய பெயிண்டைப் பார்ப்பதற்கு முன், டிக்கிக்குள் தவழ்ந்து சென்று, சேஸிலும் தரைச் சட்டங்களிலும் துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்பதைத் திருப்புளியால் குத்திப் பார்ப்பது அவசியம்.

படுக்கை வண்டியில் இன்னும் ஒரு சோதனை உண்டு. இருக்கை வண்டியாகப் பதிவாகி, பின்னர் அனுமதியின்றிப் படுக்கை வைக்கப்பட்டதா என்பதை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அத்தகைய மாற்றத்தில் அவசர வழிகள் மறைந்துபோவது வழக்கம். 2013இல் அன்றைய ஆந்திரத்தின் பாலெம் என்னும் ஊர் அருகே சொகுசுப் பேருந்து ஒன்று தீப்பற்றி 45 பேர் இறந்த பிறகும், கூடுதல் படுக்கைக்காக வழியை அடைக்கும் ஆசை இத்தொழிலை விட்டுப் போகவில்லை.

எந்த வண்டி என்னும் கேள்வியில் கண் வால்வோவைத்தான் தேடும். 2001இல் இந்தியாவுக்கு வந்த வால்வோ பி7ஆர், பின்புற எஞ்சினும் அமைதியான ஓட்டமும் கொண்டு இங்கே சொகுசுக்கே புது அளவுகோல் வைத்தது. அதன் வாரிசுகளான மூன்று அச்சு வண்டிகள், அதாவது மல்டி ஆக்சில்கள், இன்று பழைய வண்டி விலையில் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆனால் வாங்கும் விலை குறைந்ததே தவிர, கியர்பாக்ஸின் விலையும் மின்னணுப் பெட்டியின் விலையும் குறையவில்லை. ஸ்கேனியாவின் நிலை இன்னும் கடினம். கோலார் அருகே நரசாபுரத்தில் 2015இல் திறந்த பேருந்துத் தொழிற்சாலையை அது சில ஆண்டுகளிலேயே மூடிவிட்டது. கைமுதல் குறைவான நெல்லைக்காரருக்கு, கரூரில் பாடி கட்டிய 12 மீட்டர் அசோக் லேலண்ட் இரு அச்சு வண்டியே ஏற்றது: எட்டு டயருக்குப் பதில் ஆறு, பழுதானால் உள்ளூர்ப் பட்டறையிலேயே கை வைக்கலாம், உதிரிபாகம் மதுரையைத் தாண்டித் தேட வேண்டியதில்லை. நவகைலாயத் தலங்களான கோடகநல்லூருக்கும் ராஜபதிக்கும் பிரியும் ஊர்ச்சாலைகளில் பதினாலு மீட்டர் வண்டியைத் திருப்ப முயலும் ஓட்டுநருக்கு இந்த வாதம் விளக்காமலே புரியும்.

பண விஷயத்தில், கையிருப்பைப் பத்துப் பங்காக்கி, ஏழு பங்கை மட்டும் வண்டிக்குக் கொடுத்து, மூன்றை முதல் ஆண்டின் டயர், ஏ.சி., எஃப்.சி., காப்பீடு, வரி ஆகியவற்றுக்கு ஒதுக்கிவைப்பது பாதுகாப்பு. 2025 செப்டம்பர் 22 முதல் புதிய பேருந்துகளின் ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்ததால், பழைய வண்டிக்கும் அதற்கேற்ப விலை குறைத்துக் கேட்க இடமுண்டு. சபரிமலை வாடகையை நம்பிக் கணக்குப் போடுவோர், 2025 நவம்பரில் வரித் தகராறினால் தமிழக ஆம்னி பேருந்துகள் கேரளத்துக்கு ஓடாமல் நின்றதையும், எல்லையிலுள்ள புளியரையைத் தாண்டினால் வேறொரு மாநிலத்தின் வரி விதி காத்திருக்கும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

வாங்கும் காலத்திலும் இலாபம் இருக்கிறது. மகரவிளக்கு முடிந்த தை மாதத்திலிருந்து சபரிமலை வாடகை ஓட்டம் தணிகிறது. ஏப்ரல் முதல் நாளில் புதிய காலாண்டு வரி தொடங்கிவிடும் என்பதால், மார்ச் மாதத்தின் பின்பாதியில் நிற்கும் வண்டியை வைத்திருப்பவர் விலையில் இறங்கி வருவார். அப்போது வாங்கிய வண்டிக்குப் பாடி வேலையும் ஏ.சி. வேலையும் முடித்து, பெயர் மாற்றி, பெர்மிட் எடுக்க, ஜூனில் குற்றாலச் சாரல் தொடங்கும்வரை இரண்டு மாதம் கிடைக்கும்.