பட்டா இருந்தும் ஏன் தோற்கிறார்கள்?

"பட்டா என் பேர்லதாம்மா இருக்கு, அப்புறம் எப்படி கேஸ் தோத்துச்சு?" மேல்முறையீட்டுக்காக என்னிடம் வருகிறவர்களில் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். உரிமையியல் வழக்கறிஞராக நான் முதலில் சொல்வது இதுதான்: பட்டா வருவாய்த் துறையின் பதிவு. அது மட்டுமே உரிமையைத் தந்துவிடாது. கிரயம், பாகப்பிரிவினை, செட்டில்மென்ட் பத்திரங்கள்தான் உரிமையைக் காட்டும். எழுதிக் கொடுத்தவருக்கு அது எப்படி வந்தது என்று தாய்ப்பத்திரம்வரை போக வேண்டும்.

உரிமை கோரி வழக்குப் போட்டவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். எதிராளியின் பத்திரத்தில் குறை இருப்பதால் நிலம் நமக்கு வந்துவிடாது. 2014-இல் வாசவி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது.

முதல் மேல்முறையீட்டில் சாட்சியங்களை மறுபடி எடைபோடுவார்கள். ஆனால் விட்டுப்போன பத்திரத்தை அங்கே சேர்ப்பது கடினம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 41, விதி 27 அதற்குக் கடும் நிபந்தனைகள் வைக்கிறது. முயன்றும் முன்பு கிடைக்கவில்லை என்பதுபோல் தகுந்த காரணம் காட்ட வேண்டும். உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு என்றால், பிரிவு 100-இன்படி முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இருந்தாக வேண்டும்.

ஆகவே வழக்குப் போடும் முன்பே வில்லங்கச் சான்று எடுங்கள். பத்திரம் தொலைந்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்குங்கள். நான்கு எல்லைகளையும் சர்வே எண்ணையும் சரிபாருங்கள். விசாரணை நீதிமன்றத்தில் வைக்கும் ஆவணங்களே கடைசிவரை உங்கள் நிலத்தைக் காக்கும்.