சால்மனுக்குப் போட்ட டிக்கெட்டில் வந்த மீன்

1864 ஜனவரியில் லண்டனிலிருந்து ‘நார்ஃபோக்’ என்ற பாய்மரக் கப்பல் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டது. அதன் பனிக்கட்டி அறையில் மரப்பெட்டிகள், பெட்டிகளுக்குள் ஈரப்பாசி, பாசிக்கு நடுவே ஏறக்குறைய ஒரு லட்சம் சால்மன் சினைகள். டாஸ்மேனியத் தீவின் ஆறுகளில் சால்மன் வளர வேண்டும், கடலுக்குப் போய்ப் பெருத்துத் திரும்ப வேண்டும் என்பது அங்கே குடியேறிய ஆங்கிலேயரின் ஆசை. முந்தைய முயற்சிகளில் சினைகள் வழியிலேயே செத்துப்போயின. இந்த முறை ஜேம்ஸ் யூல் என்பவரின் பாசி உத்தி பலித்தது. குளிர் கூடக் கூடச் சினைக்குள் கரு மெதுவாகத்தான் வளரும். மூன்று மாதக் கடற்பயணத்தை அது பொரிக்காமலேயே கடந்துவிட்டது.

அதே கப்பலில், இருந்த இடத்தில் ஒண்டிக்கொண்டு, சில ஆயிரம் பழுப்பு ட்ரவுட் சினைகளும் வந்தன. மே 4ஆம் தேதி டாஸ்மேனியாவின் ப்ளென்டி ஆற்றங்கரையில் முதல் ட்ரவுட் பொரித்தது. மொத்தம் பிழைத்தவை 300 அளவுதான். கடலுக்குப் போன சால்மன் திரும்பவில்லை. ட்ரவுட்டோ தீவையே பிடித்துக்கொண்டது. அதிலும் சில, யாரும் சொல்லாமலே கடலுக்குப் போய்த் திரும்பின.

இந்த மீனைத் தேடித் தூண்டிலோடு டாஸ்மேனியா போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது வரைபடத்தை அல்ல, காலண்டரை. ட்ரவுட் சீசன் ஆகஸ்ட் தொடக்கத்தில் திறந்து ஏப்ரல் கடைசியில் மூடும். அங்கே ஆகஸ்ட் என்பது குளிர்காலத்தின் வால். அடுத்து வரும் வசந்தத்தில், ‘வைட்பெய்ட்’ எனப்படும் கண்ணாடி போன்ற சிறு மீன்கள் கடலிலிருந்து ஆறுகளுக்குள் கூட்டமாக ஏறும். டெர்வென்ட், ஹுவான் ஆறுகளின் கழிமுகத்தில் ட்ரவுட் அவற்றுக்காகக் காத்திருக்கும்.

கழிமுகத்து ட்ரவுட்டின் உடம்பில் நடப்பது சாதாரண வேலையல்ல. ஆற்றில் இருக்கும்வரை நன்னீர் அதன் உடலுக்குள் புகுந்துகொண்டே இருக்கும். சிறுநீரகம் இறைத்து இறைத்து வெளியேற்றும். உப்புநீருக்குப் போனதும் எல்லாம் தலைகீழ். உடலின் நீரைக் கடல் உறிஞ்சும். மீன் கடல்நீரைக் குடிக்கும். குடித்த உப்பைச் செவுளில் உள்ள தனி உயிரணுக்கள் வெளியே தள்ளும். தோலில் குவானின் படிகங்கள் படிந்து பழுப்பு உடம்பு வெள்ளியாகும். முதன்முறை பார்ப்பவர் இதை வேறு மீன் என்றே நினைப்பார்.

டிசம்பர் பிறந்தால் மலையேற வேண்டும். ஹோபார்ட்டிலிருந்து கிரேட் ஏரிக்குக் காரில் இரண்டு மணி நேரம். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே. வானம் மூடி, காற்றில் கதகதப்பு இருக்கும் நாளில் லிட்டில் பைன் லகூனில் மேஃப்ளை பூச்சிகள் நீரிலிருந்து எழும். அவற்றை உறிஞ்ச ட்ரவுட் மேலே வரும். இறகும் நூலும் சுற்றிய பொய்ப் பூச்சியை அங்கேதான் போடுவார்கள். அதற்கு எடையே கிடையாது. கனமெல்லாம் தடித்த தூண்டில் கயிற்றில்தான். சாட்டைபோல் சுழற்றினால் கயிறு பூச்சியை இழுத்துக்கொண்டு போகும். நம் ஊர்த் தக்கைத் தூண்டிலில் பழகிய கைக்கு இது வேறு வித்தை.

வெயில் பளிச்சென்று அடித்தால் மேற்கு ஏரிகளுக்குப் போகலாம். கண்கூச்சம் தணிக்கும் போலராய்டு கண்ணாடி போட்டால் தெளிந்த நீரில் மீன் தெரியும். மீனுக்கும் நம்மைத் தெரியும் என்பதுதான் சங்கடம். ஒளி விலகலால் மேலுலகம் முழுவதும் அதன் கண்ணுக்கு 97 பாகைக் கூம்புக்குள் அடங்கிவிடுகிறது. நீர்மட்டத்தை ஒட்டியிருப்பவை அதன் விளிம்பில் நசுங்கி மங்கிவிடும். ஆகவே குனிந்து, தேவையானால் தவழ்ந்து போகிறார்கள். வயது வித்தியாசமில்லை.

மலையில் காற்று சுழற்றியடித்தால் அறையில் முடங்க வேண்டாம். ஒதுக்கமான கடற்கரையில் மணலோடு மணலாகக் கிடக்கும் ஃப்ளாட்ஹெட் மீன் அதே பொய் இரையைக் கவ்வும். ‘ஆஸ்திரேலிய சால்மன்’ என்று ஒன்றும் மாட்டும். பெயர்தான் சால்மன், உறவு எதுவும் கிடையாது. ட்ரவுட்டுக்கு உரிமம் வாங்க வேண்டும்.

டாஸ்மேனியாவின் பழுப்பு ட்ரவுட்டை ‘காட்டு ட்ரவுட்’ என்று விளம்பரம் செய்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் உறுத்துகிறது. காட்டில் பிறப்பது உண்மை, ஆனால் வந்தேறி. உலகின் மோசமான 100 ஊடுருவல் இனங்களின் பட்டியலில் பழுப்பு ட்ரவுட்டும் இருக்கிறது. 1972இல் பெடர் ஏரி அணைநீரில் மூழ்கியபின், அங்கே மட்டுமே வாழ்ந்த பெடர் கேலக்சியஸ் என்ற சிறுமீன் தன் சொந்த ஏரியிலிருந்து மறைந்தது. அதில் ட்ரவுட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. வேறு நீர்நிலைகளுக்கு மாற்றியதால்தான் அந்த இனம் பிழைத்திருக்கிறது. நீலகிரி அவலாஞ்சியின் வானவில் ட்ரவுட்டும் வெள்ளையர் காலத்தில் வந்து இறங்கியதுதான்.

போகிறவர்கள் பழைய பூட்ஸையும் தூண்டிலையும் நன்றாகக் கழுவி, முற்றிலும் காயவைத்து எடுத்துப் போங்கள். வேறு நாட்டு ஆற்றுச் சேறு ஒட்டியிருந்தால் ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் விடமாட்டார்கள்.