இரு துறைப் பணிவாய்ப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தல்

இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு மாணவருக்கு வளாக நேர்காணலில் மென்பொருள் நிறுவனம் ஒன்றும் உற்பத்தித் தொழிற்சாலை ஒன்றும் வேலை தர முன்வருவது தமிழகத்தில் காணக்கூடியதே. பலரும் உடனே ஒப்பிடுவது சி.டி.சி. எனப்படும் ஆண்டுத் தொகையை. அது கைக்கு வரும் சம்பளம் அன்று. வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் செலுத்தும் பங்கு, காப்பீட்டுக் கட்டணம், ஊக்கத்தொகை, சில இடங்களில் பணிக்கொடையும் அதற்குள் அடங்கும். நிரந்தரப் பணியாளருக்குப் பணிக்கொடை பொதுவாக 5 ஆண்டு தொடர்ந்து பணிபுரிந்த பின்பே கிடைக்கும். இரண்டாம் ஆண்டில் விலகுபவருக்கு அது வெறும் எண்தான். ஆகவே மாதம் கைக்கு வரும் தொகையை இரு நிறுவனங்களிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதைவிட முக்கியமானது, பின்னர் துறை மாற வழி உண்டா என்பது. தொழிற்சாலையில் சில ஆண்டுகள் இருந்தவர் நிரலாக்கம் கற்று மென்பொருளுக்கு மாறுவதுண்டு. எதிர்த்திசையில் மாறுவது கடினம். பட்டறை அனுபவம் இல்லாதவரை உற்பத்தித் துறையினர் புதியவராகவே கருதுவர். மேற்படிப்பு வழியாகத் திரும்ப எண்ணுபவர், கேட் தேர்வு மதிப்பெண் 3 ஆண்டுகளே செல்லும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

கல்விக் கடன் உள்ள வீட்டில் கணக்கு வேறு. படிப்பு முடிந்து ஏறக்குறைய ஓராண்டில் தவணை தொடங்கிவிடும். அந்த மாணவர் கூடுதல் சம்பளத்தைத் தேர்ந்தால், படித்த துறையில் பற்றில்லாதவர் என்று அவரைக் குறை சொல்வது முறையன்று.