ஊர்ப் பெயருக்கும் உண்டு சட்டம்!

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் ஏறுங்கள். திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய ஊர்களைத் தாண்டினால் மீஞ்சூர் வரும். துறைமுகங்களுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடும் வட்டாரம் இது.

இந்த மீஞ்சூருக்கு இன்னொரு பெயரும் உண்டு. அது என்ன தெரியுமா? "வடகாஞ்சி!"

காஞ்சீபுரத்தில் ஏகாம்பரநாதர் இருக்கிறார். மீஞ்சூரிலும் ஏகாம்பரநாதர் இருக்கிறார். அங்கே வரதராஜப் பெருமாள். இங்கேயும் வரதராஜப் பெருமாள். அதனால்தான் இந்தச் சிறப்புப் பெயர்.

இப்போது ஒரு கேள்வி. மீஞ்சூரில் ஒருவர் தறி போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல பட்டு நூல் வாங்கிச் சேலை நெய்கிறார். அதில் "வடகாஞ்சிப் பட்டு" என்று சீட்டு ஒட்டி விற்கலாமா?

"எங்கள் ஊர் வடகாஞ்சிதானே? நான் பொய் சொல்லவில்லையே!" என்று அவர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் சட்டம் அதை ஒப்புக்கொள்ளாது!

உண்மையும் பொய்யாகும்

இந்திய அரசு 1999-ம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. அதற்குப் "புவிசார் குறியீடு" சட்டம் என்று பெயர். 2003 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. ஓர் ஊரின் மண், தண்ணீர், கைத்திறன் ஆகியவற்றால் ஒரு பொருளுக்குத் தனிச் சிறப்பு ஏற்பட்டிருந்தால், அந்த ஊர்ப் பெயரை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே இதன் சாரம்.

அந்தச் சட்டத்தில் ஒரு நுட்பமான பிரிவு இருக்கிறது. ஒருவர் சீட்டில் எழுதும் ஊர்ப் பெயர் எழுத்துக்கு எழுத்து உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அதைப் பார்த்து வாங்குகிறவர், "இது பதிவு பெற்ற அந்தப் புகழ்பெற்ற ஊரின் சரக்கு" என்று ஏமாறும்படி இருந்தால் அது குற்றமே!

சேலை வாங்க வரும் பெண்மணிக்கு "வட" என்ற எழுத்துகளா கண்ணில் படும்? "காஞ்சி" என்பதுதான் படும்! ஆகவே நம் மீஞ்சூர் நண்பர் "மீஞ்சூர்ப் பட்டு" என்று தம் ஊர்ப் பெயரைப் போட்டு விற்கலாம். அதை யாரும் தடுக்கமாட்டார்கள்.

திராட்சைத் தோட்டத்தில் பிறந்த சட்டம்

இந்த யோசனை முதலில் எங்கே தோன்றியது? மது புட்டியில்தான்! மது நமக்கு வேண்டாம். ஆனால் அந்தப் புட்டியின் மேல் ஒட்டிய சீட்டு உலகத்துக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தது.

போர்ச்சுகல் நாட்டில் டூரோ என்ற ஆறு ஓடுகிறது. அதன் கரையில் விளையும் திராட்சையிலிருந்து "போர்ட்" என்னும் ஒயின் செய்கிறார்கள். அதற்குக் கிராக்கி அதிகமானதும் கலப்படம் பெருகியது. 1756-ம் ஆண்டில் அந்நாட்டு அமைச்சர் பொம்பால் ஒரு கட்டளையிட்டார். எந்த நிலத்துத் திராட்சை அந்தப் பெயருக்கு உரியது என்று எல்லை வகுத்தார்.

பிரான்சில் ஷாம்பெய்ன் என்று ஒரு வட்டாரம் உண்டு. வியாபாரிகள் சிலர் வெளியூர்ச் சரக்கை மலிவாகக் கொண்டுவந்து, "ஷாம்பெய்ன்" என்று பெயரிட்டு விற்றார்கள். உள்ளூர் விவசாயியின் திராட்சை விலை போகவில்லை. 1911-ம் ஆண்டில் விவசாயிகள் கொதித்து எழுந்தார்கள். பீப்பாய்களை உடைத்து மதுவைத் தெருவில் ஓடவிட்டார்கள். பட்டாளம் வந்துதான் அமைதி ஏற்பட்டது!

பிறகு இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. ஸ்பெயின் நாட்டு மதுவை "ஸ்பானிஷ் ஷாம்பெய்ன்" என்று ஒரு கம்பெனி விற்றது. "ஸ்பெயின் சரக்கு என்றுதான் சொல்லியிருக்கிறோமே!" என்று வாதாடியது. 1960-ம் ஆண்டில் நீதிபதி அதை ஏற்க மறுத்து, அந்தப் பெயருக்குத் தடை விதித்தார். "வடகாஞ்சி" கதையும் இதுவும் ஒன்றுதான் அல்லவா?

இன்று ஐரோப்பாவில் இதற்குக் கணக்கே உண்டு. உயர்ந்த தரத்து ஊர்ப் பெயர் போட வேண்டுமானால், 100-க்கு 100 பங்கு திராட்சை அந்த ஊரிலேயே விளைந்திருக்க வேண்டும். அடுத்த தரத்துக்கு 85 பங்கு போதும். அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் பெயரைப் போட, குறைந்தது 75 பங்கு அங்கே விளைந்ததாக இருக்க வேண்டும்.

நம் ஊர்ச் சொத்துக்கள்

இந்தியா முழுவதற்கும் இந்தப் பெயர்களைப் பதிவு செய்யும் அலுவலகம் எங்கே இருக்கிறது? டில்லியில் அல்ல, நம் சென்னை கிண்டியில்!

முதலில் பதிவானது டார்ஜிலிங் தேயிலை. அது நடந்தது 2004-ம் ஆண்டில். அடுத்த நிதியாண்டிலேயே காஞ்சீபுரம் பட்டு பதிவாயிற்று. மதுரை மல்லி 2013-லும், பழனி பஞ்சாமிர்தம் 2019-லும், கம்பம் பன்னீர் திராட்சை 2023-லும் பட்டியலில் சேர்ந்தன.

பொய்யாக ஊர்ப் பெயர் போடுகிறவருக்குத் தண்டனை என்ன? குறைந்தது 6 மாதம், அதிகம் போனால் 3 ஆண்டு சிறை. அபராதம் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை.

யாருக்கு நஷ்டம்?

காஞ்சிச் சேலையில் "கோர்வை" என்று ஒரு வேலை உண்டு. உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில் நெய்து, பிரியாதபடி கோர்ப்பது அது. மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெசவாளிக்குப் பக்கத்தில் துணைக்கு ஓர் ஆள் உட்கார வேண்டும். பல நாள் உழைப்பு அது!

விசைத்தறியில் சீக்கிரமாக ஓட்டிய சேலை அதே பெயரில் பாதி விலைக்கு வந்தால், அந்த நெசவாளியின் அடுப்பில் பூனை தூங்கும். மகள் கல்யாணத்துக்கென்று சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்த தகப்பனாரும் ஏமாந்து போவார். ஒரு பொய்ச் சீட்டு இரண்டு குடும்பங்களின் வயிற்றில் அடிக்கிறது!

நாம் என்ன செய்யலாம்?

கடையில் "பட்டு முத்திரை" இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் அது நூல் சுத்தமான பட்டு என்பதற்குத்தான் அத்தாட்சி. ஊருக்கு அத்தாட்சி அல்ல. ஆகவே புவிசார் குறியீடு உண்டா என்றும் தனியாகக் கேளுங்கள். "எந்த ஊரில் நெய்தது?" என்று கேட்டு, அதை ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கும் கடையில் நீங்களும் தயங்குங்கள்!

நெசவாளர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊர்ப் பெயர் பதிவானால் மட்டும் போதாது. அதை உபயோகிக்கும் உரிமைக்கு ஒவ்வொருவரும் தம் பெயரையும் பதிவு செய்துகொள்ள வேண்டும். அநியாயம் கண்டால் உடனே முறையிட வேண்டும். "பீட்டர் ஸ்காட்" என்ற இந்திய விஸ்கியின் பெயரை எதிர்த்து ஸ்காட்லாந்து விஸ்கிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். பல ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு வந்ததால், 2008-ம் ஆண்டில் நம் சுப்ரீம் கோர்ட்டில் தோற்றுப் போனார்கள்!

மீஞ்சூர் தன்னை வடகாஞ்சி என்று சொல்லிக்கொள்ளலாம். பக்தியில் ஒரு ஊர் இன்னொரு ஊரின் பெயரைச் சூட்டிக்கொள்வது பெருமைதான், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் விலைச்சீட்டில் இரவல் பெயர் ஏறினால், இன்னொருவர் கூலி குறைகிறது. சேலைக் கடையில் இதை மறக்காதீர்கள்!