கோணத்தைத் தேடும் அட்சரகணிதம்

பௌதிகவியல் வினாக்களில் விசைகளையும் வேகங்களையும் செவ்வனே வரைந்து காட்டும் மாணவர் பலர், ஈற்றில் சைனும் கோசைனும் கலந்த சமன்பாடொன்று எதிர்ப்பட்டதும் பேனாவை மூடிவிடுகின்றனர். புதுக்குடியிருப்புப் போன்ற ஊர்களில் இவ்வச்சமே ஒரு பிள்ளையைக் கணிதப் பிரிவிலிருந்து கலைப் பிரிவுக்குத் திருப்பிவிடுவதுண்டு. கலைப் பட்டதாரியாகிய நான் கலைப் பிரிவை இழித்துரைப்பேன் அல்லேன். ஆயினும் விரும்பிச் சேர்வது வேறு. அஞ்சி ஒதுங்குவது வேறு.

சைன் என்னும் சொல் நமக்கு அந்நியமானதுமன்று. ஆரியபட்டர் கி.பி. 499 அளவில் வில்லின் நாணைக் குறிக்கும் ‘ஜியா’ என்ற சொல்லால் இதனை வழங்கினார். அஃது அரபு மொழியிற் புகுந்து திரிந்து, இலத்தீனில் ‘சைனஸ்’ ஆயிற்று. வட்டத்தின் நாண் என இன்றும் நாம் சொல்கின்றோம் அன்றோ?

இனிக் கணக்கொன்றைக் காண்போம். எறிபவனிடமிருந்து 20 மீற்றர் அப்பால் ஒரு தென்னை. அவன் கைமட்டத்துக்கு 10 மீற்றர் மேலே ஒரு குலை. பந்தைச் செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் எறிகிறான். எக்கோணத்தில் எறிதல் வேண்டும்? காற்றின் தடையை விடுத்து, ஈர்ப்பு ஆர்முடுகலை 10 எனக் கொள்க.

கிடைவேகம் 20 கோசைன். ஆதலால் தென்னையை அடையும் நேரம், 1ஐக் கோசைனால் வகுத்த அளவான செக்கன்கள். அந்நேரத்தில் பந்தின் உயரம், தான்சனின் 20 மடங்கிலிருந்து, 5ஐக் கோசைனின் வர்க்கத்தால் வகுத்து வருவதைக் கழித்தது. இங்கேதான் மாணவர் திகைப்பர். ஆனால் 1ஐக் கோசைனின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது, 1உடன் தான்சனின் வர்க்கத்தைக் கூட்டியதே. தான்சனை ‘த’ என எழுதுக:

20த − 5(1 + த²) = 10

சுருக்கினால் த² − 4த + 3 = 0. கோணம் மறைந்தது, ஒன்பதாம் பத்தாம் வகுப்பில் பழகிய இருபடிச் சமன்பாடு எஞ்சிற்று. த = 1 அல்லது 3; கோணம் 45 பாகை, அல்லது ஏறத்தாழ 71½ பாகை.

இரு விடைகளுள் ஒன்றை அடித்துவிடும் பிள்ளைகள் உளர். அது தவறு, இரண்டும் மெய்யே. முதலெறியில் பந்து தன் உச்சியில், கிடையாகச் செல்கையில், குலையைத் தொடும். மற்றதில் 18 மீற்றர் உயரம் சென்று, 3 செக்கனுக்குச் சற்று மேலான நேரத்தில், இறங்கும்போது தொடும்.

குலை 15 மீற்றரில் இருப்பின் த² − 4த + 4 = 0; த = 2 என்னும் ஒரே விடை. 16 மீற்றராயின் மெய்யான மூலமே இல்லை. அதனைக் கண்ட மாணவன் தான் பிழைவிட்டதாக எண்ணித் தாளைக் கிழிக்க வேண்டியதில்லை. அவ்வேகத்தால் அவ்வுயரத்தை எட்டவியலாது என்றே அட்சரகணிதம் கூறுகின்றது.

விடையொன்றை விலக்கவேண்டிய இடமும் உண்டு. உராய்வுக் குணகம் ½ ஆகவுள்ள சாய்தளத்தில் ஒரு பெட்டி 2 என்னும் ஆர்முடுகலுடன் வழுக்கி இறங்குகின்றது. சைனிலிருந்து கோசைனின் பாதியைக் கழித்தால் 0.2. சைனைத் தனியே நிறுத்தி, இருபுறமும் வர்க்கித்து, கோசைனைக் ‘க’ என்றால்,

125க² + 20க − 96 = 0

மூலங்கள் 0.8, சய 0.96. சாய்தளத்தின் கோணம் 90 பாகைக்குக் குறைவாதலால் அதன் கோசைன் சயமாகாது. ஆகவே 0.8ஐயே கொள்க, சைன் 0.6, கோணம் ஏறத்தாழ 37 பாகை. முதற்சமன்பாட்டில் இட்டுப் பார்த்தால், 0.6இலிருந்து 0.4 போக 0.2 எஞ்சும்.